மேல் வரிசை போல்ட்டுகள்

ஜனவரி 12

சித்தப்பாவுக்கு,

என்னிடமிருந்து கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்று சித்தி சொன்னார். கேட்டாலும் வீட்டிலிருந்து பேசியிருக்க முடியாது. இருபத்தெட்டு வருடமாக உங்கள் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறாள். அதனால் மருந்துக்கடையில், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில், மாத்திரை அட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வலது கை வேலை செய்யவில்லை. பேச்சும் போய்விட்டது, ஒன்றிரண்டு சொல் வருகிறது, அதுவும் அவர் நினைத்த சொல்லாக இருப்பதில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வருகிறார். முதல் மூன்று மாதத்தில் திரும்பினால்தான் கை திரும்பும், அதற்குப் பிறகு கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். மார்ச் முதல் வாரம்தான் எங்களுக்குக் கெடு. அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் குச்சிகளை அப்பா தரையில் தள்ளிவிட்டார்.

போன வாரம் பரணில் போர்வை தேடியபோது பட்டைகளை போல்ட்டால் பூட்டி விளையாடும் அந்தப் பழைய பெட்டி கிடைத்தது. மூடியில் கழுத்துப்பட்டை கட்டிய பையன் ஒருவன் பளுதூக்கும் கிரேன் பொம்மைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பானே, அந்தப் பெட்டி. உள்ளே ஓட்டை போட்ட சிவப்புப் பட்டைகள், பச்சைத் தகடுகள், கொக்கி, பித்தளைக் கப்பி எல்லாம் இருக்கின்றன. ஒரு போல்ட், ஒரு நட் கூட இல்லை. அப்பா அதைப் பார்த்ததும் இடது கையால் வலது கையைத் தூக்கி ஒரு பட்டையின் மேல் வைத்தார். அன்றிலிருந்து தினமும் பட்டைகளைக் கட்டிலில் அடுக்குகிறார். பூட்ட ஒன்றும் இல்லாததால் சரிந்துவிடுகிறது. மறுபடி அடுக்குகிறார்.

இரும்புக்கடையில் கேட்டுப் பார்த்தேன். சின்னது நுழைந்தது, ஆனால் ஆடியது. பெரியது நுழையவே இல்லை. அப்பா ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தட்டையே தள்ளிவிட்டார். போல்ட்டுகள் உங்களிடம் இருப்பதாகச் சித்தி சொல்கிறார். பட்டை ஒருவரிடமும் போல்ட் ஒருவரிடமும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து அனுப்புங்கள்.

அண்ணன் மகள்


ஜனவரி 17

என் தங்க மகளுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரரை நிறுத்தி வைத்து, "இது யார் தெரியுமா, மருந்துக் கம்பெனியே நடத்துது" என்றேன். நீ கடையில்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் தபால்காரருக்கு அது எதற்கு.

அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது. எட்டாம் வகுப்பை நான் இரண்டு வருடம் படித்தவன். ஒரே வருடத்தில் தாண்டிப் போனவர்களைவிட அந்த வகுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதில் உடம்பைப் பற்றி ஒரு பாடமே உண்டு. நரம்பு என்பது வயர் மாதிரி. ஒரு வயர் போனால் இன்னொன்று வழியாகக் கரண்ட் வரும். டாக்டரிடம் இதைச் சொல், அவர் ஒத்துக்கொள்வார்.

அந்தப் பெட்டியைப் பற்றி நீ கேட்டதும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த மாதிரிப் பெட்டி வேறு யாரிடமும் கிடையாது. எங்கள் அப்பா வேலை பார்த்த கப்பல் கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. தேய்ந்த பெட்டிதான், ஆனால் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. அண்ணன் படம் பார்த்துத்தான் கட்டுவார். நான் படம் பார்க்கமாட்டேன். நாங்கள் கட்டிய கிரேன் மாடி ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனையைத் தூக்கியது. நாலு கிலோ பூனை. தெருவே நின்று பார்த்தது. ஒரு பத்திரிகைக்காரர்கூட வந்தார், பூனை ஓடிவிட்டதால் படம் எடுக்கவில்லை.

போல்ட் என்னிடம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாய். அது பரிசு. நான் கட்டட வேலையில் ஃபிட்டராக இருந்தபோது என் முறுக்கு போல இன்னொருவன் முறுக்க முடியாது என்று பேர். உன் அப்பா அப்போது எங்களுக்கு மேற்பார்வையாளர். ஒரு நாள் அவரே அந்த டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து, "பூட்டுறதெல்லாம் நீதானே, போல்ட்ட நீயே வச்சுக்க" என்றார். எத்தனை பேர் முன்னால் சொன்னார் தெரியுமா.

போல்ட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து ஒருவர் இந்த மாதிரிப் பழைய பெட்டிகளைச் சேர்க்கிறவர், என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன் என்று வந்து நின்றார். கொடுப்பேனா. ஒரு பூட்டு உள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன், சாவியை உன் சித்தி எங்கோ வைத்துவிட்டாள். கிடைத்ததும் அனுப்புகிறேன். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

உன் சித்தப்பா


ஜனவரி 26

சித்தப்பாவுக்கு,

பார்சல் வரவில்லை. தினமும் தபால்காரர் போனபிறகுதான் கடைக்குக் கிளம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மா பார்த்துவிட்டாள். மேசை மேல் மறந்து வைத்துவிட்டேன். முழுதும் படித்தாள். "பரிசாம்" என்றாள். பிறகு, "அவன் வாயில வர்றதுல பாதி காத்து. அந்தக் காத்துலதான் உங்கப்பாவோட வேலை பறந்துச்சு" என்றாள். கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். சாரம் ஒன்று விழுந்தது, யாருக்கோ கால் போனது, அப்பாவின் வேலையும் போனது என்று சின்ன வயதில் கேட்டதுண்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைக் கிளற இப்போது எனக்கு நேரமில்லை.

அப்பா அடுக்குவதைக் குறைத்துவிட்டார். நேற்று இரண்டு பட்டைகளைக் குறுக்காக வைத்து, ஓட்டையோடு ஓட்டை பொருத்தி, விரலை அதில் நுழைத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும். விரலை எடுத்தால் பிரிந்துவிடும் என்று அவருக்குத் தெரிகிறது. பயிற்சி அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்த போல்ட் எங்க இருந்தாலும் வாங்கிட்டு வாங்க. அவர் கை அதைத்தான் கேக்குது" என்றார்.

சித்தப்பா, உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். நான் கோபப்படமாட்டேன். எனக்குச் சாவிக் கதை வேண்டாம்.

அண்ணன் மகள்


பிப்ரவரி 5

மகளே,

பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. வெளிநாட்டுக்காரர் வந்தது மட்டும் நிஜம், ஆனால் அவர் எதிர்வீட்டில் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர்.

போல்ட்டுகள் இருந்தன. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வேலையை விட்டபிறகு நான் ரிப்பேர் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். இந்த ஊரில் என் கை படாத பொருள் கிடையாது என்று சொன்னால் அதில் பாதியாவது உண்மை. யாராவது ஒரு சாமானைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், அளவான போல்ட் கிடைக்காது, டப்பாவில் கை விடுவேன். பித்தளை, துருப்பிடிக்காது, உயிர் உள்ள வரை ஆடாது.

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பிவிட்டேன். ஒரு வாரமாக ஊர் முழுக்கச் சுற்றி, வேறு போல்ட் போட்டுக் கொடுத்து, இவற்றைக் கழற்றி வாங்கினேன். தையல்காரரின் மிஷினில் இரண்டு. நூலகத்து அம்மாவின் கண்ணாடிக் கூட்டில் ஒன்று. பள்ளிக்கூட மணியின் நாக்கில் ஒன்று. அதைக் கழற்றும்போது மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். தலைமையாசிரியர் என் பின்னாலேயே ஓடி வந்தார். முடிதிருத்துபவரின் நாற்காலியில் நாலு. அவர், "இத்தனை வருஷமா என் கடைக்கு வர்ற ஆளுங்க உங்கண்ணன் போல்ட்டு மேலயா உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டார். நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஏழு இருந்தன. கழற்றினேன், கதவு உன் சித்தியின் கால் மேல் விழுந்தது. இப்போது என்னோடு பேசுவதில்லை. அதனால் வீடு அமைதியாக இருக்கிறது, உனக்கு நீளமாக எழுத முடிகிறது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துலக்கி அனுப்பியிருக்கிறேன். தட்டை ஸ்பானரும் உள்ளே இருக்கிறது. அண்ணன் எண்ணிப் பார்ப்பார், அவர் குணம் அது. ஒன்று குறையும். அது ஒருவரின் ஊன்றுகோலில் இருக்கிறது. கைப்பிடியைத் தடியோடு சேர்க்கும் இடம். அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. மாதம் ஒரு முறை போய் அதை முறுக்கிக் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

உன் சித்தப்பா


பிப்ரவரி 13

சித்தப்பாவுக்கு,

வந்து சேர்ந்தது. அப்பா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாசனைக்குச் சிரித்தார். டிசம்பருக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறார்.

முதல் நாள் ஒரு போல்ட்டை நுழைக்கவே காலை முழுதும் ஆனது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நட்டைப் பிடித்தன. விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டு அவரே குனிந்தார். நாலாம் நாள் ஒரு சின்னக் கோபுரம் நின்றது. கோணல்தான், ஆனாலும் நின்றது. பயிற்சி அம்மா அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பூனையைப் பற்றி நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கையை ஆட்டி இல்லை என்றார். பிறகு கஷ்டப்பட்டு, "கயிறு... கட்டல" என்றார். கயிறு கட்டுவதற்கு முன்னாலேயே பூனை ஓடிவிட்டதாம். இத்தனை சொல் சேர்ந்து வந்ததற்கு உங்கள் பொய்க்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எண்ணிப் பார்த்தார், நீங்கள் சொன்னபடியே. ஒன்று குறைகிறது என்று விரலைக் காட்டினார். ஊன்றுகோல் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கணமே முகம் மாறிவிட்டது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மூன்று நாளாகப் பெட்டியைத் தொடவில்லை. அம்மாவிடம் கேட்டால் அவளும் எழுந்து போகிறாள்.

யார் சித்தப்பா அவர்? கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. கிளற நேரமில்லை என்று எழுதினேன். இப்போது கேட்காமலிருக்க நேரமில்லை.

அண்ணன் மகள்


பிப்ரவரி 19

மகளே,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை எழுதியதில் ஒரு புயல் வந்தது. இரண்டாவதில் நான் ஒருவரைத் தாங்கிப் பிடித்தேன். இரண்டும் நடக்கவில்லை.

அவரை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தோம். இரும்புச் சாரத்தை ஏற்றிப் பூட்டுவது என் வேலை. கீழ் வரிசை, நடு வரிசை முறுக்கி முடித்தேன். மேல் வரிசை பாக்கி. அப்போது புதிதாக வந்த ஆட்கள் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பூனையைத் தூக்கிய கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள். கேட்டால் எனக்கு நீளும், உனக்குத் தெரியுமே. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அண்ணன் காகிதத்தோடு வந்தார். "எல்லாம் ஆச்சாடா?" என்றார். "ஒவ்வொண்ணும் என் கையால முறுக்கினதுண்ணே. யானை ஏறினாலும் ஆடாது, கையெழுத்தப் போடு" என்றேன். அந்தப் புது ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து முறுக்கிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். நெட்டை சாப்பிடாமல் முதல் ஆளாக மேலே ஏறினார்.

வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன், எல்லாம் முறுக்கினேன் என்று. ஒரு முறை சொன்னதை எப்படி மாற்றுவது. கம்பெனி, நெட்டை குடித்துவிட்டு ஏறினார் என்று எழுதிக் கோப்பை மூடியது. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. நானும் அண்ணனும் அந்த மேசைக்கு எதிரில்தான் நின்றோம். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, வேறு ஏதோ காரணம் சொல்லி அண்ணனையும் அனுப்பினார்கள்.

வேலை போன அன்று சாயங்காலம்தான் அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்து போல்ட் டப்பாவை என் மடியில் போட்டார். "பூட்டுறதெல்லாம் நீதானே" என்றார். யாரும் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டு. நான் முறுக்கவில்லை என்பதை என் வாயால் அவர் இதுவரை கேட்டதில்லை.

சித்தப்பா


பிப்ரவரி 25

சித்தப்பாவுக்கு,

படித்துக் காட்டினேன். செய்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

முழுதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சொல் ஒன்றைத் தேடினார். வேறு என்னென்னவோ வந்தது; "தண்ணி" என்றார், "மணி" என்றார். ஏதோ வேண்டுமென்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன், துப்பிவிட்டார். கடைசியில் இடது கையால் தன் கண்ணைத் தொட்டு, அந்தக் கையை மேலே தூக்கிக் காட்டி, "பாத்தேன்" என்றார்.

"என்னப்பா பாத்தீங்க?"

"மேல. பாத்தேன். போட்டேன்."

எனக்குப் புரியச் சில நிமிடம் ஆனது. மேல் வரிசை முறுக்கவில்லை என்று அவர் கீழே இருந்தே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். அதற்குச் சொல் வரவில்லை. வராமல்தான் போயிற்றா, அவருக்கே தெரியாதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா கதவுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இத்தன வருஷம் நான் உன் தம்பியத்தானே திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள் அவரிடம். அன்றிலிருந்து அவருக்குக் கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். அம்மா அந்த அறைக்குள் வருவதில்லை.

கோபுரத்தை அவரே இடது கையால் சாய்த்துவிட்டார். வலது கை மடியில் அப்படியே கிடக்கிறது. பயிற்சி அம்மா, "என்னங்க ஆச்சு, நல்லா வந்துட்டிருந்துச்சே" என்கிறார்.

நீங்கள் இருவரும் யார் தப்பு என்று இருபத்தெட்டு வருடமாக உங்களுக்குள்ளேயே வைத்திருந்தீர்கள். கால் போனவர் உங்கள் ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் யாராவது சொன்னீர்களா?

அண்ணன் மகள்


மார்ச் 1

மகளே,

போனேன்.

நெட்டை இப்போது சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிறார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போகவில்லை. வெறுங்கையோடு வந்ததைப் பார்த்தே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேல் வரிசைய நான் முறுக்கல" என்றேன்.

"கால் வச்சப்பவே தெரியும். ஆடுச்சு." ஒரு சைக்கிளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். "நீ மாசாமாசம் வந்து இந்தக் கோல முறுக்கிட்டுப் போறப்பல்லாம், இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு பாத்தேன்."

"மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"அத நீயே வச்சுக்க. குடிச்சிட்டு ஏறினேன்னு எழுதினாங்களே. என் பொண்ணு அப்ப கைக்குழந்த. பெரியவளானதும் யாரோ சொல்லிட்டாங்க, உங்கப்பன் குடிச்சிட்டு விழுந்தவன்னு. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவ என் வாசல்ல கால் வைக்கல. அவளுக்கு எழுதிக் குடு. உங்கண்ணனும் கையெழுத்துப் போடணும். அன்னைக்குப் போட்டாரே, அதே கையால."

அந்தக் கைக்கு என்ன ஆனது என்று சொன்னேன். "அது என் பாடு இல்ல" என்றார். கிளம்பும்போது, இனிமேல் கோலை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

எழுதி அனுப்பியிருக்கிறேன். நூலகத்து அம்மாவிடம் கொடுத்து எழுத்துப் பிழை பார்த்தாகிவிட்டது. ஒரு பக்கம்தான். இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை. என் கையெழுத்து இருக்கிறது. கீழே அண்ணனுக்கு இடம் விட்டிருக்கிறேன். முடியவில்லையென்றால் வற்புறுத்தாதே.

சித்தப்பா


மார்ச் 7

சித்தப்பாவுக்கு,

பயிற்சி அம்மா சொன்ன மூன்று மாதம் முடிந்துவிட்டது. காகிதத்தைப் பலகையில் வைத்து அப்பாவின் மடியில் கொடுத்தேன். மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று காலை பேனாவைக் கேட்டார். இடது கையில்தான் கொடுத்தேன். அதை எடுத்து வலது கைக்குள் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

கையெழுத்துக்கு விட்ட இடத்துக்கு அவர் போகவில்லை. நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "மேல் வரிசையில் முறுக்காதது கீழே நின்ற என் அண்ணனுக்குத் தெரிய வழியில்லை, வெயில் கண்ணில் அடித்தது" என்று. என் கடிதத்தைப் படித்தபிறகும் அப்படி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார். அடிக்க ஆரம்பித்தார். கோடு மேலும் கீழும் போனது, இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்தது. வரியின் கடைசி எழுத்து வரைக்கும் விடவில்லை. முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை. ஆனால் நின்றாள்.

இந்தக் காகிதத்தைக் கொடுக்க முடியாது. அவர் பார்த்தார் என்பதைச் சேர்த்து மறுபடி எழுதிக்கொண்டு வாருங்கள். தபாலில் வேண்டாம். நீங்கள் எதிரில் நின்றால்தான் கையெழுத்துப் போடுவார் என்று நினைக்கிறேன். நாள் முழுதும் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு கால் போனவரின் மகள் வீட்டுக்கு அப்பா, நீங்கள், நான் மூன்று பேரும் போவோம். அவள் கதவைத் திறப்பாளா என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் மகள்